35 தாண்டினால் பிள்ளை இல்லை என்பது புரளியா?

வள்ளியூர் வாசகர், 3 ஜூலை 2025

"முப்பத்தஞ்சு தாண்டிட்டா பிள்ளை பிறக்காதுங்கது ஆஸ்பத்திரிக்காரங்க கட்டிவிட்ட கதை. எங்க ஆச்சி எட்டுப் பிள்ளை பெத்தவ. கடைக்குட்டி மாமா பிறக்கும்போது அவளுக்கு நாப்பத்தஞ்சு வயசு. ஸ்கேனும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு முப்பது ஆனாலே பயங்காட்டிப் பணம் கறக்கானுவ. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க."

3 ஜூலை, இரவு 10.50

பாதி சரி, பாதி தப்பு. நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லேப்பில் 22 வருஷமாக டெக்னீஷியன். டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பேன், ஸ்லைடு பார்ப்பேன், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நீட்டும்போது எதிரே நிற்கிற முகத்தையும் பார்ப்பேன். அதோடு நானே இந்த வரிசையில் பத்து வருஷம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள்.

சரியான பாதி முதலில். 35-ஆவது பிறந்தநாள் அன்று எதுவும் மூடிக்கொள்வதில்லை. பாபநாசத்து அருவி மாதிரி ஒரே இடத்தில் விழுவது கிடையாது, குறுக்குத்துறைப் படித்துறை மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கும், கடைசிப் படிகள்தான் வழுக்கும். "35-லிருந்து 39 வயதுக்குள் மூன்றில் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் முயன்றும் தங்காது" என்று ரொம்பக் காலமாக ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்ஸ் நாட்டில் 1670 முதல் 1830 வரை எழுதிவைத்த பிறப்புப் பதிவுகளிலிருந்து. கரண்டும் ஆன்டிபயாடிக்கும் இல்லாத காலம். 2004-ல் ஐரோப்பியப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்கு இரண்டு முறையாவது சேர்ந்திருந்த தம்பதிகளில் 27–34 வயதுக்காரர்களில் 86 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தங்கியிருக்கிறது, 35–39-ல் 82 சதவீதம். வித்தியாசம் நாலே நாலு.

எனக்கு 42 வயதில் மகள் பிறந்தாள். இப்போது எல்கேஜி போகிறாள். அதனால் முப்பத்தைந்து என்றதும் யாரும் நடுங்க வேண்டாம்.

4 ஜூலை, காலை 6.15

தப்பான பாதி. நேற்றே எழுத நினைத்தேன், தூக்கம் வந்துவிட்டது.

ஆணுக்கு விந்து தினமும் புதிதாக ஊறுகிறது, ஒரு அணு உருவாகி முடிய சுமார் 74 நாள். பெண்ணுக்கு அப்படி இல்லை. அவளுக்கு வேண்டிய முட்டை முழுக்க அவள் தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே தயார். அப்போது 60–70 லட்சம். பிறக்கும்போது 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நாலு லட்சம். 37 வயதில் சுமார் 25 ஆயிரம். தீட்டு நிற்கும்போது ஆயிரம் கிடந்தால் அதிகம். இதில் ஆயுசு முழுக்க வெடித்து வெளியே வருவது 400, 500 தான். மற்றதெல்லாம் உள்ளேயே கரைந்து போகிறது. மாத்திரை சாப்பிட்டாலும் கரையும், சாப்பிடாவிட்டாலும் கரையும், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும் கரையும்.

இதை இன்னொரு விதமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆச்சி உங்கள் அம்மையை வயிற்றில் சுமந்தபோதே, பின்னாளில் நீங்களாக ஆகப்போகிற முட்டையும் அந்த வயிற்றுக்குள் இருந்தது. முதல்முறை இதைப் படித்த அன்று லேப்பில் எனக்கு வேலையே ஓடவில்லை.

எண்ணிக்கை குறைவதை விடப் பெரிய தொல்லை முட்டையின் வயது. பள்ளியில் குன்றல் பகுப்பு என்று படித்திருப்போம். ஜோடி ஜோடியாக நிற்கிற குரோமோசோம்கள் பிரிந்து பாதி வெளியே போக வேண்டும். அந்த வேலையைத் தாய் வயிற்றிலேயே தொடங்கிவிட்டு, முட்டை அப்படியே பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடி தொடர்வது அது வெடிக்கப்போகிற மாதத்தில்தான். இருபது வயதுப் பெண்ணுக்கு இருபது வருஷம் நின்ற வேலை, நாற்பது வயதுக்காரிக்கு நாற்பது வருஷம் நின்ற வேலை. அதுவரை ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்கிற புரதம். மேஜை டிராயரில் வருஷக்கணக்காகக் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பாருங்கள், அதேதான். சரியாகப் பிரியாமல் ஒன்று கூடியோ குறைந்தோ போகும். பாதிக்கு மேல் அப்படிப்பட்ட கரு ஒட்டவே செய்யாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். இருபதுகளில் தரித்தால் பத்தில் ஒன்று கலையும் என்றால் நாற்பதில் மூன்றில் ஒன்றுக்கு மேல், 45-ல் பாதிக்கு மேல். குரோமோசோம் ஒன்று கூடிப் பிறக்கிற டவுன் சிண்ட்ரோமும் இதே கணக்குதான்: 25 வயதுத் தாய்க்கு 1250-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று.

எல்லாம் நல்லபடியாக இருக்கிற ஜோடிக்கே இருபதுகளின் நடுவில் ஒரு மாதத்தில் தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. நாற்பதில் இருபதில் ஒன்று.

4 ஜூலை, மதியம்

ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. பிறக்கும்போது "20 லட்சம்" என்று அடித்துச் சொன்னது என் அவசரம், 10 முதல் 20 லட்சம் என்று படியுங்கள். "முட்டைக் கணக்கு ரேஷன் கடை ஸ்டாக் மாதிரி இருக்கே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய அப்படித்தான் தம்பி. ரேஷன் கடையிலாவது அடுத்த மாதம் லோடு வரும்.

8 ஜூலை

ஏஎம்எச் என்கிற ரத்தப் பரிசோதனை பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெண், 27 வயது, கல்யாணமாகி ஏழு மாதம். ஏஎம்எச் 0.8, அந்த வயதுக்குக் குறைவு. கவுன்ட்டரிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு, போனில் தேடியிருக்கிறாள். நான் அடுத்த டியூபில் பேர் ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் தூணோரமாக நின்று அழுகிறாள், கூட வந்த மாமியார் "என்னட்டி, என்ன போட்டிருக்கு, சொல்லேன்" என்று உலுக்கிக்கொண்டிருக்கிறாள். லேப்காரி வாயைத் திறக்கக் கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குத் திறந்துவிட்டேன்.

அவளிடம் சொன்னதுதான் இங்கேயும். ஏஎம்எச் என்பது சினைப்பையில் இன்னும் எத்தனை சின்னச் சின்ன முட்டைப்பைகள் மிச்சம் என்பதற்கு ஒரு தோராயமான கை அளவு. அவ்வளவுதான். முட்டை நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. மாதம் ஒரு முட்டை வெடித்தால் போதும், அந்த ஒன்று 27 வயது முட்டை. 2017-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. குழந்தையின்மைப் பிரச்சினை முன்பு இல்லாத, 30 முதல் 44 வயதுப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏஎம்எச் குறைவாக இருந்தவர்களுக்கும் சரியாக இருந்தவர்களுக்கும் இயற்கையாகத் தங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த எண் உபயோகப்படுகிற இடம் வேறு. ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கிற சிகிச்சை) செய்யும்போது ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று முன்கூட்டி ஊகிக்க உதவும். அதற்காக வந்த சோதனையை இப்போது மாஸ்டர் செக்கப்பில் சர்க்கரை, கொழுப்போடு சேர்த்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிசிஓஎஸ் (சினைப்பையில் சின்ன முட்டைப்பைகள் வெடிக்காமல் நிறையச் சேர்ந்துவிடுகிற கோளாறு) உள்ள பெண்ணுக்கு ஏஎம்எச் 9, 10 என்று வரும். பார்த்துவிட்டு, "முட்டை நிறைய இருக்கு, அவசரமில்லை" என்று 38 வரை இருந்தவர்களைத் தெரியும். நிறைய இருக்கிறது, சரி. எல்லாமே 38 வயது முட்டை.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ஏஎம்எச் குறைத்துக் காட்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். லேபுக்கு லேப் அளவும் கொஞ்சம் மாறும். இங்கே 1.1, அங்கே 1.4 என்று வந்ததற்குப் பயத்தங்கஞ்சி காரணம் என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். குடியுங்கள் அக்கா, உடம்புக்கு நல்லதுதான்.

10 ஜூலை, இரவு

தேர் பார்த்துவிட்டு வந்த கால்வலியில் எழுதுகிறேன்.

இத்தனை நாளாக ஆண்களைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்கவில்லை, கவனித்தீர்களா? குழந்தை இல்லாத ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ ஒரு குறை இருக்கிறது. லேப்பில் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். விந்துப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு வருவார்கள், கூட்டம் இல்லாத நேரம். வீட்டிலேயே எடுத்து வருகிறவர்கள் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும், உடம்புச் சூடு இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். ஒருத்தர் அல்வாக் கடைக் கவரில் போட்டு, மேலே நிஜமாகவே கால் கிலோ அல்வாவும் வைத்துக் கொண்டுவந்தார், பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது கேட்டால் காட்டுவதற்காம். சாம்பிளை எடுத்துக்கொண்டு அல்வாவைத் திருப்பிக் கொடுத்தோம். "வச்சுக்கோங்க மேடம்" என்று ஓடிவிட்டார். யாரும் சாப்பிடவில்லை.

சிரித்தாயிற்று. இப்போது என் கதை. எனக்கு 31-ல் கல்யாணம், 2010. இரண்டு வருஷம் சும்மா இருந்தோம். 33-லிருந்து 36 வரை எனக்கு மட்டுமே வைத்தியம். மாதாமாதம் முட்டைப்பை வளர்வதைப் பார்க்கிற ஃபாலிக்கிள் ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கிற டியூப் டெஸ்ட், மாத்திரை, ஊசி. என் வீட்டுக்காரரின் விந்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானே அந்த மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து ஊரார் வீட்டு அணுவையெல்லாம் எண்ணுகிறவள்! அவரிடம் சொன்னால், "உன் கூட வேலை பாக்கவுங்க எண்ணுவாங்க, நாளைக்கு நான் எப்படி அங்க டிபன் கொண்டு வர்றது" என்பார். நானும் விட்டுவிட்டேன். அவர் மேல் மட்டும் பழி போட முடியாது, எனக்கும் பயம்தான். கடைசியில் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய், தெரியாத லேப்பில், என் பேரை மாற்றிச் சொல்லிக் கொடுத்தோம். எண்ணிக்கை பரவாயில்லை, ஓட்டம் ரொம்பக் குறைவு. வெரிக்கோசீல், அதாவது விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம் என்றார்கள்.

அந்த மூன்று வருஷம். மற்ற எதையும் நான் மறந்துவிட்டேன்.

11 ஜூலை

"ஆம்பளைக்கு வயசே கிடையாது, அறுபதுலயும் பெறலாம்" என்று எழுதிய அண்ணாச்சிக்கு: பெறலாம். ஆனால் 40, 45-க்கு மேல் விந்தணுவிலும் பிசகு கூடும், தங்க நாளாகும், கலைவதும் கூடும். பெண்ணுக்கு இறங்குகிற வேகம் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் அறுபதில் பெற, எதிரே எத்தனை வயதுப் பெண் நிற்கிறாள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

16 ஜூலை

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன், இழையைத் தொடங்கிய வள்ளியூர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் ஒரு ஆச்சி உண்டு, முக்கூடல். ஏழு பெற்று ஐந்து தங்கியது. கடைசிச் சித்தி பிறக்கும்போது ஆச்சிக்கு 43 என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆச்சி எப்போது பிறந்தாள்? "வெள்ளம் வந்ததுக்கு முந்தின வருஷம்." எந்த வெள்ளம்? அதற்கு வீட்டில் இரண்டு பதில். ஒரு வெள்ளத்தைப் பிடித்தால் 43, இன்னொன்றைப் பிடித்தால் 37.

சரி, 43 என்றே வைப்போம். அது ஏழாவது பேறு. பதினாறில் தொடங்கி ஆறு பெற்றுக் காட்டிய வயிறு. 43-ல் முதல் பிள்ளைக்கு முயல்கிற பெண்ணை அந்த வரிசையில் நிறுத்த முடியாது. அவளுக்கு டியூப் அடைப்பு இருக்கிறதா, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு வெளியே வளர்கிற நோய்) இருக்கிறதா, எப்போதோ வந்துபோன காசநோய் கருக்குழாயில் தங்கி அடைத்துவிட்டதா (நம் நாட்டில் இது அபூர்வம் இல்லை) என்று எதுவுமே அதுவரை தெரிந்திருக்காது.

வட அமெரிக்காவில் ஹட்டரைட் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார், கருத்தடையே செய்யாதவர்கள். அவர்களை 1950-களில் கணக்கெடுத்தார்கள். 34 வயதுக்குப் பிறகு பிள்ளை பெறாதவர்கள் 11 சதவீதம், 40-க்குள் பேறு நின்றுவிட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு, 45-க்குள் 87 சதவீதம். கடைசிப் பேறு சராசரியாக 40, 41 வயதில். நம் ஆச்சிமார் கதையும் இதுதான், 45-ல் பெற்றவள் பெயர் மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. 38-லேயே நின்றுபோனவளைப் பற்றி எந்த வீட்டிலும் கதை சொல்வதில்லை. எங்கள் ஆச்சியின் தங்கைக்கு ஒரே பிள்ளை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வாசலில் பீடி சுற்றிக்கொண்டே இருப்பாள், தட்டில் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு வேடிக்கை: முப்பதுகளின் பின்பாதியில் இயற்கையாகவே இரட்டைப் பிள்ளை கூடும். முட்டை குறையக் குறைய, மூளை முட்டையை வளர்க்கிற எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூட்டி விரட்டும், சில மாதம் இரண்டு முட்டை சேர்ந்து வெடித்துவிடும். கடை மூடும் முன் கடைசி விற்பனை.

17 ஜூலை

முதல் பதிவில் எழுதிய 86, 82 கணக்கை நானே திரும்பப் படித்தேன். அந்த ஆய்வில் எடுத்துக்கொண்டது ஆரோக்கியமான, குறை ஏதும் இருப்பதாகத் தெரியாத தம்பதிகள். மாதக் கணக்கைக் கவனித்துக் குறித்துவைக்கத் தெரிந்தவர்கள். ஆகவே அது வெயில் அடிக்கிற பக்கத்துக் கணக்கு. அன்றைக்கு வள்ளியூர்க்காரருக்குக் கைகொடுக்கிற சந்தோஷத்தில் இதைச் சொல்லாமல் விட்டேன்.

21 ஜூலை, இரவு 11.30

தனிமடல் ஒன்று வந்திருக்கிறது. ஊர், பேர் வேண்டாம். வயது 36, கல்யாணமாகி இரண்டு வருஷம், தங்கவில்லை. "அக்கா, உங்களுக்கே நாப்பத்திரண்டுல பிறந்திருக்கு. நீங்க எழுதுனதப் படிச்சப்புறம் மனசு லேசாயிட்டு. இவிய துபாய்க்கு ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட் போறாவ, வந்தப்புறம் பாத்துக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

மூன்று தடவை பதில் அடித்து மூன்று தடவையும் அழித்தேன்.

23 ஜூலை, அதிகாலை

முதல் நாள் எழுதியது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. என் மகள் டோனர் முட்டையில், அதாவது இன்னொரு பெண் கொடுத்த முட்டையில் பிறந்தவள்.

முகமும் பேரும் இல்லாத இடத்திலேயே இதை எழுத எனக்கு இருபது நாள் ஆயிற்று. நேரில் இதுவரை தெரிந்தவர்கள் என் வீட்டுக்காரர், என் தங்கை, டாக்டர். மாமியாருக்குத் தெரியாது.

நடந்தது இது. வெரிக்கோசீல் ஆபரேஷன் ஆகி, 2017-ல் எனக்கு 38, தானாகவே தங்கியது. ஒன்பதாவது வாரம் துடிப்பு நின்றது. கலைந்ததைச் சோதனைக்கு அனுப்பியதில் 16-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. கலைகிற கருக்களில் அடிக்கடி வருகிற பிசகு அதுதான். நான் சுமை தூக்கியதாலும் இல்லை, பப்பாளியாலும் இல்லை. லேப்காரியான எனக்கே அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் அந்தப் பப்பாளித் துண்டை மன்னிக்க முடிந்தது.

39-ல் முதல் ஐவிஎஃப். பதினோரு நாள் ஊசி, முட்டை நாலு, கரு இரண்டு, ஒன்றும் ஒட்டவில்லை. 40-ல் இரண்டாவது. முட்டைப்பை ஒன்றே ஒன்று வளர்ந்தது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க கர்ப்பப்பை நல்லா இருக்கு. முட்டைக்குத்தான் வயசாயிட்டு" என்றார். என் முட்டையை வைத்து இன்னொரு தடவை முயன்றால் நூற்றுக்கு ஐந்து கூடத் தேறாது, இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முட்டையை வைத்தால் அந்தப் பெண்ணின் வயதுக்கு உள்ள வாய்ப்பு எனக்கு வரும் என்றார். கருப்பை அவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டுவதில்லை. 2019-ல் குண்டூரில் 74 வயதுப் பெண் இரட்டைக் குழந்தை பெற்றதாகப் பேப்பரில் வந்ததே, அதுவும் டோனர் முட்டைதான். தலைப்பில் 74-ஐப் பெரிதாகப் போட்டார்கள்.

ஒரு வருஷம் நான் சம்மதிக்கவில்லை. அப்புறம் கொரோனா வந்து ஆஸ்பத்திரியும் மூடிக் கிடந்தது. வீட்டில் அடைந்து கிடந்த அந்த மாதங்களில்தான் சரி என்றேன். 2020 கடைசியில் கரு வைத்தார்கள், 2021-ல் பிறந்தாள். ஏழாம் மாதம் பிரஷர், அதற்கு முன்பே சர்க்கரை, ஆபரேஷன். முட்டை இளசாக இருந்தாலும் சுமந்த உடம்புக்கு 42 தான். அந்த வயதில் பிரஷர் கூடும், டோனர் முட்டை என்றால் இன்னும் கூடும். இதையும் "42-ல் மகள் பிறந்தாள்" என்ற ஒரு வரி மறைத்துவிட்டது.

தனிமடல் எழுதிய தங்கச்சிக்கு நேற்று இரவே இதையெல்லாம் அனுப்பிவிட்டேன். 35-க்கு மேல் என்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போவதுதான் முறை (கீழே என்றால் ஒரு வருஷம், 40 தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம்). உனக்கு இரண்டு வருஷம் ஏற்கெனவே ஆகிவிட்டது. துபாய் போகப்போகிற வீட்டுக்காரரை முதலில் லேபுக்கு அனுப்பு.

23 ஜூலை, மாலை

"ஏமாத்திட்டியளே" என்று இரண்டு பேர். ஆமாம். டிவியில் 46, 47-ல் பெற்றவர்களைப் பார்த்து, இது யார் முட்டையோ என்று மனசுக்குள் நினைத்தவளே நானும், என் முறை வந்ததும் அதையேதான் செய்தேன்.

"அதுக்குத் தத்து எடுத்திருக்கலாமே" என்பவருக்கு: எடுத்திருக்கலாம். நீங்களும் எடுக்கலாம், உங்களுக்கு இரண்டு பிள்ளை இருக்கிறது என்பதற்காக யாரும் தடுக்கப் போவதில்லை.

24 ஜூலை

ஐவிஎஃப், முட்டை தானம் பற்றிய சட்டம் கேட்டவருக்குச் சுருக்கமாக. எங்கள் காலத்தில் இல்லை, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இப்போது சிகிச்சை பெறுகிற பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55. முட்டை கொடுக்கிற பெண்ணுக்கு 23 முதல் 35, ஆயுசுக்கு ஒரே ஒரு முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. குண்டூர் மாதிரி இனி நடக்க வழியில்லை.

எனக்கு முட்டை கொடுத்த பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது வயதும் ரத்த குரூப்பும். 24. இப்போது 29 ஆகியிருக்கும். சில நாள் பஸ்ஸில் அந்த வயதுப் பெண் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கையைப் பார்ப்பேன். மகளுக்கு விரல் நீளம்.

மகளிடம் சொல்வீர்களா என்ற கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை நேற்றுக்கூட, "முழி அப்படியே ஒனக்குத்தான்டி" என்றாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

30 ஜூலை

ஆடிப்பூரத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருந்தேன். காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும், அப்புறம் முளைக்கட்டு, முளைத்த பயறை அம்மன் மடியில் கட்டுவார்கள், பிறகு அந்தப் பயறு பெண்களுக்குப் பிரசாதம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. எட்டு வருஷம் என் மாமியார் கூட்டத்தில் இடிபட்டு அதை வாங்கி வந்து என் முந்தானையில் முடிந்திருக்கிறார். நான் ஒவ்வொரு வருஷமும் அதைத் தின்றேன், ஒவ்வொரு வருஷமும் எரிச்சல்பட்டேன். இந்த வருஷம் மாமியாருக்கு முழங்கால் முடியவில்லை, நான் போய் வாங்கி வந்தேன். யாருக்கு என்று தெரியாமலே வாங்கினேன். மகள் வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டாள். வாயெல்லாம் பச்சை வாடை.

2 ஆகஸ்ட்

முட்டையை எடுத்துக் குளிரில் வைக்கலாமா என்று சென்னையில் ஐடியில் இருக்கிற அம்பைப் பெண் கேட்டிருக்கிறாள், 29. வைக்கலாம் அம்மா. அமெரிக்காவின் இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-லேயே இதைச் சோதனை முயற்சி என்கிற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வைப்பதென்றால் 35-க்கு முன், அதுவும் ஒன்றிரண்டு வைத்தால் பயனில்லை, பத்துக்குக் குறையாமல் வேண்டும். உருக்கும்போது சிலது போகும், கருவாகும்போது சிலது போகும், ஒட்டும்போது சிலது. நகை அடகு மாதிரி வைத்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள் என்று நினைக்காதே. லாட்டரிச் சீட்டுக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைப்பது மாதிரி.

இதை எழுதும்போது எனக்கே இரண்டு மாதமாக வரவில்லை. வயது 46, நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக நிற்கிற வயதும் 46, 47 தான், வெள்ளைக்காரிக்கு 51. நேற்று ராத்திரி லேப்பில் வியர்வை தாங்காமல் ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை காதோரம் வந்து, "அக்கா, எதும் விசேஷமா?" என்றது. பத்து வருஷம் அந்தக் கேள்விக்கு அழுதிருக்கிறேன். நேற்று சிரித்த சிரிப்பில் கையில் இருந்த டியூப் ஸ்டாண்டு ஆடிவிட்டது.

19 ஆகஸ்ட்

அந்த 36 வயதுத் தங்கச்சியிடமிருந்து தகவல், எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். துபாய் இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. அவர் போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம், மூன்று நாள் சேராமல் இருந்து, ஒரு மணி நேரத்துக்குள், எல்லாம் சரியாக. ஓட்டம் கொஞ்சம் குறைவு, மறுபடி இரண்டரை மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு டியூப் டெஸ்ட் வருகிற செவ்வாய். வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும், அரை மணிக்கு முன்னால் வலி மாத்திரை போடலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள், சேலை வேண்டாம், நைட்டி கொண்டு போ என்றேன்.

அந்த அல்வாக் கடை எது என்று தனிமடலில் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன்.